இருபத்தெட்டு நிமிடம் நாற்பது நொடி

உபியில், தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஏழாவது மாடி.
கீழே கார்க் கதவுகளுக்குச் சாயம் அடிக்கிறார்கள்.
பக்கத்து அறையில் மீன் உருண்டைகளை உறைய வைக்கும் இயந்திரம்
மூச்சு விடுவதை
எங்கள் ஒலிவாங்கி ஒட்டுக்கேட்கிறது.
அது அடங்கும் நேரத்துக்கும்
ருஸ்டியின் கடைசி ரயிலுக்கும் நடுவே நாற்பது நிமிடம்.
அந்த நாற்பதில்தான், ஏழு மாதமாக,
இந்தத் தொகுப்பு.

பத்துப் பாட்டு.
எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாதென்பது
வெய் ஷெங்கின் சட்டம்.
அவனுடைய பன்னிரண்டு கம்பி கிட்டாருக்குச் சுருதி சேர்க்க மட்டும்
பதினான்கு நிமிடம் ஆகும்.
குளிர்சாதனம் ஓடினால் சுருதி ஏறுகிறது,
நிறுத்தினால் இறங்குகிறது.
நிறுத்திவிட்டு, வேர்வையில் வாசித்தோம்.

இந்த ஓசை யாருடையதென்று எங்களுக்குத் தெரியாமலில்லை.
அறுபதுகளில், கரி படிந்த ஆங்கிலத் துறைமுகங்களில்,
கழுத்துப்பட்டை கட்டிய ஒல்லிப் பையன்கள்
மூன்று கார்டு, கொஞ்சம் கைதட்டல், நீண்ட ஓர் 'ஆ'
இவ்வளவை வைத்துக்கொண்டு
அரங்கங்களை அலற விட்டார்கள்.
அந்தப் பாட்டுகளுக்கு இப்போது என் வயதைப் போல் இரு மடங்கு.
ஆனால் பாட்டுக்குள் இருப்பவனுக்கு எப்போதும் பத்தொன்பது.
அவள் தொலைபேசியை எடுக்கவில்லை.
அது ஒன்றுதான் அவன் துயரம்.

முதல் வரைவில் வெய் ஷெங் எழுதியிருந்தான்,
நவம்பர் மூடுபனியில் உன் கம்பளிக் கோட்டு, என்று.
ருஸ்டி குச்சிகளைக் கீழே வைத்தான்.
"உன்னிடம் கோட்டு இருக்கிறதா?"
இல்லை.
"அவளிடம்?"
அவள் பாயா லேபாரில் பல் மருத்துவ உதவியாளர்.
கோட்டை அடித்துவிட்டு
நனைந்த மடக்குக் குடை ஒன்றை வைத்தோம்.
ஓர் அசை கூடிவிட்டது.
ருஸ்டி அதற்கு அரை அடி தள்ளி உட்கார இடம் கொடுத்தான்.
அந்தத் தடுமாற்றம்தான்
இப்போது பாட்டிலேயே நல்ல இடம்.

பாஸ் கிட்டார் என்னுடையது. மேல்குரலும்.
அவன் அழும்போது
மூன்று சுரம் மேலே நின்று
அதே சொல்லை, அதே நொடியில்,
கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொல்ல வேண்டும்.
கூட அழுதால் கெட்டுவிடும்.
எனக்கு இது எங்கே பழகியதென்று யாரும் கேட்டதில்லை.
பகலில் மின்தூக்கிப் பழுது அழைப்புகளை எடுக்கிறேன்.
உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள்.
"இன்னும் இருபது நிமிடம், அம்மா" என்பேன்,
தெளிவாக, மேலே நின்று.

ஐந்தாம் பாட்டின் நடுவே கைதட்டல்.
மூவரும் வெறுங்காலோடு ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி.
எட்டாவது முறை, நாலாவது தட்டலில்,
இரும்புத் தண்டு சாய்ந்து என் பெருவிரலில் விழுந்தது.
ஐயோ.
தாளத்தில். சுருதியிலும்கூட.
போட்டுக் கேட்டபிறகு ருஸ்டி சொன்னான்,
"இதை வெட்டுகிறவன் என் எதிரி."
ஆகவே எங்கள் தொகுப்பில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் உண்டு.
ஆறாம் பாட்டுக்குள் நகம் கறுத்துவிட்டது.

இசைத்தட்டுகள் ஆகஸ்டில் வந்தன. இருநூறு.
முதல் பக்கத்துச் சீட்டு இரண்டாம் பக்கத்தில்.
வெய் ஷெங் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை.
போர்க்காலப் படைப் பயிற்சியில் இருந்த ருஸ்டி
காட்டிலிருந்து செய்தி அனுப்பினான்:
திருப்பிப் போட்டுக் கேட்கச் சொல்.

ஈசூனில், என் கட்டிலுக்கடியில்
இன்னும் நூற்று முப்பத்தொன்பது.
அறுபத்தோராவது, அந்தக் கரித் துறைமுகங்களில் ஒன்றுக்கே போகிறது.
அஞ்சலகத்தில் சுங்கச் சீட்டு:
அன்பளிப்பு, விற்பனைப் பொருள், மாதிரி,
திருப்பி அனுப்பப்படும் பொருள்.
அந்தக் கடைசிக் கட்டத்தின் மேல்
என் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு விற்பனை என்று குறியிட்டேன்.
முப்பத்தைந்து வெள்ளி.

முகப்பிலிருந்த பெண் அட்டையை எடை போட்டாள்.
"உடையுமா?"
வளையும், என்றேன்.
வெயிலில் வைத்தால்.